மலேரியாக் கிருமியின் எண்ணெய்ப் பட்டறை: பழைய பாடத்துக்கு ஒரு திருத்தம்



நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் உயர்நிலைப்பள்ளிப் பிள்ளைகளுக்கு நான் அறிவியல் சொல்லிக்கொடுத்து வருவது மட்டாஞ்சேரியில் உள்ள பெரும்பாலான குடும்பங்களுக்குத் தெரியும். என்னிடம் பழைய நோட்டுப் புத்தகம் ஒன்று இருக்கிறது. செய்தித்தாள்களில் வந்த அறிவியல் செய்திகளை வெட்டி ஒட்டி வைத்தது. பசை காய்ந்து பாதித் துண்டுகள் உதிர்ந்துவிட்டன. அண்மையில் அதைப் புரட்டிக்கொண்டிருந்த பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் 2001ஆம் ஆண்டுத் துண்டு ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தான்.

"சார், பற்பசையிலே சேர்க்கிற மருந்து மலேரியாக் கிருமியைக் கொல்லும்னு போட்டிருக்கே. அப்புறம் ஏன் அதை மலேரியாவுக்கு யாரும் கொடுக்கலே?"

உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காரணம், அந்தச் செய்தியை நானே பல ஆண்டுகள் வகுப்பில் பெருமையாகப் பாடம் நடத்தியவன். பெங்களூரில் நம் நாட்டு விஞ்ஞானிகள் கண்டுபிடித்தது, விரைவில் புது மருந்து வரும் என்று கரும்பலகையில் படம் போட்டு விளக்கியிருக்கிறேன். என்னிடம் படித்தவர்களில் சிலர் இன்று எர்ணாகுளத்திலும் வளைகுடாவிலும் பிள்ளை குட்டிகளோடு இருக்கிறார்கள். பையன் கேட்ட பிறகுதான் உட்கார்ந்து பிற்கால ஆய்வுகளைத் தேடிப் படித்தேன். நான் நடத்திய பாடத்தில் பாதி சரி, பாதி தவறு. அந்தத் தவறை எழுத்தில் திருத்துவது என் கடமை என்று தோன்றியதால் இந்தக் கட்டுரை.

பாடத்தை மட்டாஞ்சேரியிலிருந்தே தொடங்குகிறேன். பஜார் ரோட்டில் நடந்தால் மிளகு, சுக்கு, கொப்பரை எல்லாம் சேர்ந்து ஒரு மணம் வருமே, அந்தக் கொப்பரையை ஆட்டினால் வருவது தேங்காய் எண்ணெய். (நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் அதை 'வெளிச்செண்ண' என்றுதான் சொல்கிறார்கள். அந்தக் குறையை இன்னொரு நாள் எழுதுகிறேன்.) எண்ணெயும் நெய்யும் நம் உடம்புக் கொழுப்பும் பெரும்பாலும் கொழுப்பு அமிலங்களால் ஆனவை. கொழுப்பு அமிலம் என்பது கரி அணுக்கள் வரிசையாகக் கோத்த ஒரு சங்கிலி. தேங்காய் எண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் ஏறக்குறைய பாதி, 12 கரி அணுக்கள் கொண்ட லாரிக் அமிலம். நம் உடம்பு தானாகச் செய்யும்போது முதன்மையாகச் செய்வது 16 கரி அணுக்கள் கொண்ட பால்மிடிக் அமிலம்.

12, 16 என்று இரட்டைப்படையாக வருவது தற்செயல் அல்ல. நம் வீட்டுப் பெண்கள் மல்லிகைச் சரம் தொடுப்பதைப் பாருங்கள். வாழைநாரில் இரண்டிரண்டு மொட்டாக வைத்து முடிச்சுப் போட்டுக்கொண்டே போவார்கள். கொழுப்பு அமிலமும் அப்படித்தான் இரண்டிரண்டு கரி அணுக்களாக நீள்கிறது. ஒவ்வொரு முறை நீளும்போதும் நான்கு வேலைகள் நடக்கவேண்டும். முதலில் இணைப்பு. பிறகு ஹைட்ரஜன் ஏற்றுவது. அடுத்து ஒரு நீர் மூலக்கூறை வெளியேற்றுவது. கடைசியாக மறுபடி ஹைட்ரஜன் ஏற்றுவது. ஒவ்வொரு வேலையையும் செய்வது ஒரு நொதி. இந்தக் கடைசி வேலையைச் செய்யும் நொதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் முக்கியப் பாத்திரம் அதுதான். ஆய்வாளர்கள் அதற்கு இட்ட பெயர் ஃபேப்-ஐ.

இந்தப் பட்டறை உயிரினங்களில் இரண்டு வகையாக அமைந்திருக்கிறது. மனிதனுக்கும் விலங்குகளுக்கும் எல்லா வேலையும் ஒரே பெரிய புரதத்துக்குள் நடக்கிறது. ஒரே அம்மா உட்கார்ந்து மொட்டு எடுத்து, வைத்து, முடிச்சுப் போட்டு, சரத்தை முடிப்பது போல. பாக்டீரியாவுக்கும் தாவரங்களுக்கும் அப்படி இல்லை. ஒருத்தர் எடுத்துக் கொடுக்க, ஒருத்தர் வைக்க, ஒருத்தர் முடிச்சுப் போட என்று தனித்தனி நொதிகள் வரிசையாக நின்று செய்கின்றன. நம் கொல்லைத் தென்னை மரம் லாரிக் அமிலம் செய்வது இந்த இரண்டாம் வகைப் பட்டறையில்தான். அது தாவரச் செல்லுக்குள் இருக்கும் கணிகம் என்ற சிறு உறுப்பில் நடக்கிறது. பச்சை நிறக் கணிகத்தைப் பசுங்கணிகம் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள்.

இனி மலேரியாக் கிருமிக்கு வருவோம். அது பாக்டீரியா அல்ல, வைரஸும் அல்ல. பிளாஸ்மோடியம் என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. 1897 ஆகஸ்டு 20ஆம் நாள் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றுச் சுவரில் கண்டது இதைத்தான். கொசு கடித்ததும் முதலில் கல்லீரலுக்குப் போய், அங்கே ஒரு செல்லுக்குள் ஆயிரக்கணக்கில் பெருகி, பிறகு இரத்தத்துக்கு வந்து சிவப்பணுக்களுக்குள் புகுகிறது. பால்சிபாரம், வைவாக்ஸ் என்ற இரு வகைகளும் சிவப்பணுவுக்குள் ஏறத்தாழ 48 மணி நேரத்தில் பெருகி அதை உடைத்துக்கொண்டு வெளியே வருகின்றன. நம் பாட்டிமார் 'முறைக்காய்ச்சல்' என்று சொன்னது இந்தக் கணக்கை வைத்துத்தான். ஒரு கிருமி நுழைந்த இடத்திலிருந்து பால்சிபாரம் பதினாறு முதல் முப்பது வரை புதுக் கிருமிகளாக வெளிவரும்.

ஒவ்வொரு புதுக் கிருமிக்கும் மேலே போர்த்திக்கொள்ள ஒரு சவ்வு வேண்டும். உள்ளே இன்னும் பல சவ்வுகள் வேண்டும். சவ்வு என்றால் கொழுப்பு. (கொழுப்பு என்றால் நம்மவர்களுக்குத் திமிர் என்றே பொருள். இங்கே அது கிருமியின் வீட்டுச் சுவர்.) ஆனால் அது குடியேறிய சிவப்பணுவில் உட்கருவும் இல்லை, கொழுப்பு செய்யும் ஏற்பாடும் இல்லை. அடுப்பே இல்லாத வீட்டுக்குக் குடிபோனவன் முப்பது பேருக்கு விருந்து வைப்பது எப்படி?

1996, 1997ஆம் ஆண்டுகளில் ஒரு வியப்பான விடை கிடைத்தது போல இருந்தது. மலேரியாக் கிருமிக்குள்ளும் அதன் உறவான டாக்ஸோபிளாஸ்மா என்ற கிருமிக்குள்ளும் ஒரு கணிகம் இருப்பது தெரியவந்தது. ஆம், தாவரத்துக்கு உரிய கணிகம்! வெகு காலத்துக்கு முன் இந்தக் கிருமிகளின் மூதாதை ஒரு பாசியை விழுங்கியது. செரிக்காமல் உள்ளேயே தங்கிவிட்ட அதன் எச்சம் இது. பச்சை நிறம் போய்விட்டது, சூரிய ஒளியைப் பயன்படுத்தும் வேலையும் போய்விட்டது. நான்கு சவ்வுகளுக்குள் சொந்தமாக ஒரு சிறு டி.என்.ஏ. வளையத்தோடு கிடக்கிறது. அபிக்கோபிளாஸ்ட் என்று அதற்குப் பெயர். அதற்குள் போய்ச் சேரும் நொதிகளில் இரண்டாம் வகைக் கொழுப்புப் பட்டறையின் நொதிகளும் உண்டு என்று 1998ல் தெரிந்தது. அதாவது தென்னை மரத்தின் பட்டறையும் மலேரியாக் கிருமியின் பட்டறையும் ஒரே வகை. மனிதனுடையது வேறு வகை. மருந்து தேடுகிறவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? நமக்குக் கேடு செய்யாமல் கிருமியின் பட்டறையை மட்டும் மூடிவிடலாமே.

அதே 1998ல் இன்னொரு செய்தி. சோப்பிலும் பற்பசையிலும் சேர்க்கப்பட்டு வந்த டிரைக்ளோசான் என்ற கிருமிநாசினி பாக்டீரியாவின் ஃபேப்-ஐ நொதியைத் தாக்குகிறது என்று கண்டார்கள். இரண்டு முனைகளையும் முடிச்சுப் போட்டவர்கள் பெங்களூர்க்காரர்கள். ஜவஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆராய்ச்சி மையத்தின் நமீதா சுரோலியாவும், இந்திய அறிவியல் கழகத்தின் அவதேஷ சுரோலியாவும் 2001 பிப்ரவரியில் 'நேச்சர் மெடிசின்' இதழில் தங்கள் ஆய்வை வெளியிட்டார்கள். டிரைக்ளோசான் கொடுத்தால் ஆய்வுக்கூடத்தில் வளர்த்த பால்சிபாரம் இறந்தது. மலேரியா பிடித்த எலிகளும் பிழைத்தன. கிருமியின் ஃபேப்-ஐ நொதி அடைபடுவதே காரணம் என்றார்கள். என் நோட்டில் ஒட்டியிருந்த துண்டு அதுதான்.

என் பாடம் இத்தோடு நின்றுவிட்டது. ஆராய்ச்சி நிற்கவில்லை.

ஒரு பட்டறை ஓடுவதற்கு ஓர் ஆள் கட்டாயம் வேண்டுமா என்று அறிய எளிய வழி, அந்த ஆளை வெளியே அனுப்பிவிட்டுப் பார்ப்பதுதான். 2008ல் அமெரிக்காவில் ஒரு குழு பால்சிபாரம் கிருமியிலிருந்து ஃபேப்-ஐ நொதிக்குரிய மரபணுவையே நீக்கிப் பார்த்தது. கிருமி சாகவில்லை. சிவப்பணுவுக்குள் எப்போதும்போல் பெருகியது. அதைவிட முக்கியமானது இன்னொன்று: ஃபேப்-ஐ இல்லாத அந்தக் கிருமியையும் டிரைக்ளோசான் கொன்றது! பூட்டே இல்லாத வீட்டில் சாவி வேலை செய்தது என்றால், அது வேறு ஏதோ கதவைத் திறந்திருக்கிறது என்றுதானே பொருள்? டிரைக்ளோசான் கொல்கிறது என்று பெங்களூரில் கண்டது சரி. எதைத் தாக்கிக் கொல்கிறது என்ற விளக்கம்தான் இரத்தத்தில் உள்ள கிருமிக்குப் பொருந்தவில்லை. 2018ல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள், 'ஈவ்' என்று பெயரிட்ட ஓர் இயந்திர மனிதனின் துணையோடு, அந்த வேறு கதவைக் கண்டார்கள். பைரிமெத்தமின் என்ற பழைய மலேரியா மருந்து தாக்கும் அதே நொதியை டிரைக்ளோசானும் தாக்குகிறதாம்.

அப்படியானால் முப்பது பேர் விருந்துக்குக் கொழுப்பு எங்கிருந்து வந்தது? கடையிலிருந்து! நம் இரத்த நீரில் கொழுப்பு அமிலங்கள் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கின்றன. லைசோ-பாஸ்பாடிடைல்கோலின் என்ற நீண்ட பெயருடைய கொழுப்பும் இருக்கிறது. கிருமி சிவப்பணுவின் சுவர் வழியே இவற்றை இழுத்துக்கொண்டு தன் சவ்வுகளைக் கட்டிக்கொள்கிறது. வாசலிலேயே சந்தை இருக்கும்போது எவன் செக்கு ஆட்டுவான்?

நான் இதையெல்லாம் படித்தபோது முதலில் சற்று வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் மேலே படிக்கப் படிக்கத் திருத்தம்தான் மூலப் பாடத்தைவிடச் சுவையாக இருந்தது. பட்டறை வேண்டாததாக இருந்தால் கிருமி அதைத் தூக்கி எறிந்திருக்காதா? ஏன் இத்தனை காலம் சுமக்கிறது? எலிக்கு வரும் மலேரியாக் கிருமிகளில் பட்டறையை முடக்கிப் பார்த்தபோது (2008, 2009) விடை கிடைத்தது. அவை இரத்தத்தில் நன்றாக வளர்ந்தன, கொசுவிலும் வளர்ந்தன, கல்லீரலில்தான் தடுமாறின. அங்கே ஒரே செல்லுக்குள் ஆயிரக்கணக்கில் பெருகவேண்டுமே! கல்யாணச் சமையலுக்குக் கடையில் கால் லிட்டர் கால் லிட்டராக வாங்கிக் கட்டுமா? அங்கே சொந்தச் செக்கு வேண்டியிருக்கிறது.

அப்படிக் கல்லீரலின் கடைசிக் கட்டத்தில் நின்றுபோகும் கிருமியையே தடுப்பூசியாகப் போடலாம் என்று எலிகளில் முயன்று 2011ல் நல்ல பலன் கண்டார்கள். ஆனால் மனிதக் கிருமியான பால்சிபாரத்தில் அதையே செய்தபோது வேறு கதையாகிவிட்டது. பட்டறை இல்லாத பால்சிபாரம் கல்லீரல் வரை வரவே இல்லை. கொசுவின் வயிற்றிலேயே வளர்ச்சி நின்றுவிட்டது. 2014ல் வெளியான முடிவு இது. எலிக்கிருமி சொன்னதை மனிதக் கிருமி கேட்கவேண்டும் என்று சட்டமில்லை. ஒரே குடும்பத்து அண்ணன் தம்பியே ஒரே மாதிரி சமைப்பதில்லை.

கல்லீரல் என்றதும் என் சொந்தக் கதை ஒன்று நினைவுக்கு வருகிறது. 1998ல் வடசென்னையில் அக்கா வீட்டில் ஒரு மாதம் தங்கிவிட்டு வந்தேன். அந்நாளில் சென்னை வைவாக்ஸ் மலேரியாவுக்குப் பேர்போன ஊர். கிணற்றிலும் மாடித் தண்ணீர்த் தொட்டியிலும் முட்டையிடும் அனாபிலிஸ் கொசு அங்கே ஏராளம். இப்போது அங்கே நோய் வெகுவாகக் குறைந்துவிட்டது. கொச்சிக் கொசுவைப் பற்றி உங்களுக்கு நான் அறிமுகம் செய்யவேண்டியதில்லை; ஆனால் இங்கே நம்மைப் பிடுங்குவதில் பெரும்பாலானவை கியூலெக்ஸ் வகை, அவை மலேரியாவைப் பரப்புவதில்லை. மட்டாஞ்சேரிக்குத் திரும்பிய பிறகு எனக்குக் குளிர் காய்ச்சல் வந்தது. இரத்தம் பார்த்து வைவாக்ஸ் என்றார்கள். குளோரோகுயின் மூன்று நாளில் காய்ச்சலை நிறுத்தியது. கூடவே கொடுத்த பிரைமாகுயினை நான் பாதியில் விட்டுவிட்டேன். காய்ச்சல்தான் போய்விட்டதே, வயிற்றைப் பிரட்டும் மாத்திரை எதற்கு என்று நினைத்தேன். ஏறக்குறைய மூன்று மாதத்தில், சென்னைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காத நிலையில், பல் கிட்டித்துக்கொண்டு மறுபடி காய்ச்சல். குளோரோகுயின் இரத்தத்தில் உள்ள கிருமியைத்தான் கொல்லும். வைவாக்ஸ் கிருமியில் சில கல்லீரலில் உறங்கிக் கிடக்கும். அவற்றைத் தீர்ப்பது பிரைமாகுயின். இன்று நம் நாட்டில் அதற்கு 14 நாள் என்று கணக்கு. சிலருக்குப் பிறவியிலேயே உள்ள ஒரு நொதிக் குறைவால் அந்த மாத்திரை இரத்த அணுக்களை உடைத்துவிடும், கர்ப்பிணிகளுக்கும் கொடுப்பதில்லை. ஆகவே டாக்டர் சொல்லித்தான் சாப்பிடவேண்டும். சொன்ன நாள் வரை சாப்பிடவேண்டும். கேரளத்தில் இன்று காணும் மலேரியாவில் பெரும்பகுதி வெளியூரிலிருந்து வருவது. அதனால் காய்ச்சலோடு டாக்டரிடம் போகும்போது எந்த ஊருக்குப் போய்வந்தோம் என்பதை அவர் கேட்காவிட்டாலும் நாமே சொல்லிவிட வேண்டும்.

கிருமியின் கொழுப்பைக் குறிவைப்பது வீண் வேலை என்று இதற்குள் யாரும் முடிவுகட்டிவிட வேண்டாம். நம் சென்னையோடு தொடர்புடைய இன்னொரு நோயில் அது அருமையாகப் பலித்திருக்கிறது. காலா-அசார் என்ற கருங்காய்ச்சல் அது. 1903ல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் பணியாற்றிய சார்லஸ் டோனவன் என்ற டாக்டர், நோயாளியின் மண்ணீரலில் எடுத்த துளியில் அந்தக் கிருமியைக் கண்டார். அதே ஆண்டு வில்லியம் லீஷ்மன் என்பவரும் தனியே கண்டு எழுதியிருந்தார். இருவர் பெயரையும் சேர்த்து லீஷ்மேனியா டோனவனி என்று பெயரிட்டவர் ரொனால்டு ராஸ். மணல் ஈ பரப்பும் இந்த நோய் பிற்காலத்தில் பீகாரில்தான் மிகுந்து வாட்டியது. இந்தக் கிருமியின் வேறு வகை தோலில் புண் உண்டாக்கும். நம் கேரளத்திலேயே, அகத்தியமலைப் பகுதியில் வாழும் காணி மக்களிடம் அது காணப்படுகிறது.

நம் சவ்வுகளுக்கு உறுதி தருவது கொலஸ்டிரால். லீஷ்மேனியா அதற்குப் பதில் எர்கோஸ்டிரால் என்ற பொருளைத் தானே செய்துகொள்கிறது. காளானும் பூஞ்சணமும் செய்வது அதே பொருள்தான். மனிதனிடம் எர்கோஸ்டிரால் கிடைக்காது. கடையில் இல்லாத சரக்கு என்றால் வீட்டில் செய்துதானே ஆகவேண்டும்? ஆம்போடெரிசின்-பி என்ற பூஞ்சண மருந்து அந்த எர்கோஸ்டிராலைப் பற்றிக்கொண்டு கிருமியின் சவ்வில் ஓட்டை போட்டுவிடுகிறது. சிறுநீரகத்தைக் கெடுக்கும் மருந்து என்று அதற்கு ஒரு கெட்ட பெயர் உண்டு. அதையே நுண்ணிய கொழுப்பு உருண்டைகளுக்குள் வைத்துச் செலுத்தினால் கேடு குறைகிறது. அப்படி ஒரே ஒரு முறை செலுத்தியே பெரும்பாலான நோயாளிகள் குணமடைந்ததைப் பீகாரில் நடந்த ஆய்வு 2010ல் காட்டியது. கிருமியின் கொழுப்பைத் தாக்கக் கொழுப்பையே வண்டியாக்கியிருக்கிறார்கள்! வாயால் சாப்பிடும் மில்டிஃபோசின் என்ற மருந்தும் (2002ல் இந்தியாவில் அனுமதி பெற்றது) கிருமியின் கொழுப்பு வேலைகளைக் குலைப்பதுதான்.

ஆக, மருந்து தேடுகிறவர்கள் கேட்கவேண்டிய கேள்வி 'கிருமி இதைச் செய்கிறதா' என்பது மட்டும் அல்ல. 'செய்ய முடியாமல் போனால் வெளியே வாங்கிக்கொள்ளுமா' என்பதும்தான். 2001ல் நான் இரண்டாவது கேள்வியைக் கேட்கவில்லை. என் மாணவர்களையும் கேட்க வைக்கவில்லை.

அபிக்கோபிளாஸ்டும் சும்மா இல்லை. இரத்தத்தில் இருக்கும்போது அந்த உறுப்பிடம் கிருமி கட்டாயமாக எதிர்பார்ப்பது ஒன்றே ஒன்று என்று 2011ல் காட்டினார்கள். ஐசோபிரினாய்டு என்ற வேறொரு கொழுப்பினத்துக்கான மூலப்பொருள் அது. அதை வெளியிலிருந்து ஊட்டினால் அபிக்கோபிளாஸ்டே இல்லாமல்கூடக் கிருமி பிழைக்கிறதாம். மலேரியா உள்ள நாடுகளுக்குப் போகிறவர்களுக்கு முன்காப்பாகக் கொடுக்கும் டாக்சிசைக்ளின், இந்த உறுப்பின் வேலையைக் கெடுத்துத்தான் கிருமியைக் கொல்கிறது.

2017ல் வந்த ஒரு கண்டுபிடிப்பையும் சொல்லவேண்டும். மேலே சொன்ன அந்த நீண்ட பெயர்க் கொழுப்பு இரத்த நீரில் குறைந்தால், கிருமி அதை ஓர் அறிகுறியாக எடுத்துக்கொள்கிறது. சிவப்பணுவில் பெருகுவதைக் குறைத்துக்கொண்டு, கொசுவுக்குள் போவதற்குரிய ஆண், பெண் வடிவங்களாக மாறத் தொடங்குகிறது. சந்தையில் சரக்கு குறைந்தால் ஊரைக் காலி செய்ய மூட்டை கட்டுகிறது. பிழைப்புக்காக ஊர் மாறி வந்த நமக்கு இதைத் தனியே விளக்க வேண்டுமா என்ன!

அடுத்த ஞாயிறு பையனுக்கு இதையெல்லாம் சொன்னேன். பற்பசையில் இருந்தது மிகச் சிறிய அளவு, அதையும் துப்பிவிடுகிறோம், மலேரியா மருந்தாக அது ஒருபோதும் ஆகவில்லை என்றும் சொன்னேன். கை கழுவும் சோப்புகளில் டிரைக்ளோசான் சேர்ப்பதை அமெரிக்க அரசு 2016ல் தடை செய்தது என்பதையும் சேர்த்துக்கொண்டேன். உதிர்ந்த துண்டை மறுபடி ஒட்டி, அதன் கீழே 2008, 2014, 2018 என்று மூன்று வரிகள் அவன் கையாலேயே எழுத வைத்தேன்.

அவனை அழைத்துப்போக வந்த அம்மா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவர், "அப்படின்னா மலேரியாக் காய்ச்சல்காரங்களுக்கு எண்ணெய், நெய் எல்லாம் நிறுத்திடணுமா சார்?" என்றார். நல்ல கேள்வி. வேண்டாம் அம்மா என்றேன். நாம் பட்டினி கிடந்தாலும் உடம்பு தன் சேமிப்பைக் கரைத்து இரத்தத்தில் கொழுப்பு அமிலத்தை விட்டுக்கொண்டேதான் இருக்கும். கிருமியைப் பட்டினி போட நம்மால் ஆகாது. இன்னும் ஒரு படி மேலே போனால், பால்சிபாரம் மலேரியாவுக்குப் பல நாடுகளில் கொடுக்கும் ஆர்டிமீதர்-லூமிஃபான்டிரின் மாத்திரை, கொழுப்புள்ள உணவோடு சாப்பிட்டால்தான் உடம்பில் நன்றாகச் சேரும். ஆப்பிரிக்க நாடுகளில் வேலைக்குப் போயிருக்கும் நம் பிள்ளைகளுக்கு இந்த மாத்திரை அறிமுகமாகியிருக்கும். வெறும் கஞ்சித் தண்ணீரோடு விழுங்காமல், ஒரு டம்ளர் பாலோடு சாப்பிடச் சொல்லுங்கள்.